தொப்புள் வைக்காத உருண்டைகள்

யாராவது என் எதிரில் உட்கார்ந்து கொழுக்கட்டை சாப்பிட்டால் நான் அவர்கள் தட்டைப் பார்ப்பதில்லை. தொண்டையைப் பார்க்கிறேன். அங்கே அந்த மேடு ஒரு முறை ஏறி இறங்கும் வரை என் கையிலிருக்கும் கரண்டி அப்படியே நிற்கும். என் மனைவிக்கு இது பிடிக்காது. "இன்னாத்துக்குச் சாப்பிடுறவங்களை இப்படி வெறிச்சுப் பார்க்கறீங்க? கண்ணு பட்டுடப் போவுது" என்பாள். அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதத்தான் வருகிறது, அதுவும் மெதுவாக.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் சமையல் வேலை. அடுப்பும் மாவும் எனக்குப் பழக்கம், ஆட்கள் பழக்கமில்லை. தங்கியிருப்பவர்கள் சமையலறை வாசல்வரை வந்து "சாப்பாடு நல்லா இருக்கு" என்று சொன்னால்கூட அடுப்பைப் பார்த்துத் தலையாட்டுவேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தும் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தவன் நான். "வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று மனைவி கேட்டது எத்தனை தடவை என்று கணக்கில்லை.

மாடி அறையில் ஒரு ஜப்பான்காரம்மா வருடா வருடம் வந்து நாலு மாதம் தங்குவார். ஐம்பது வயது இருக்கும். தமிழ் கற்றுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போலப் பேசுவார். என்னை அண்ணா என்பார், நான் அம்மா என்பேன். அவரிடம் மட்டும் எனக்குக் கூச்சம் கம்மி. அவரும் அதிகம் பேசமாட்டார் என்பதுதான் காரணமாக இருக்கும்.

புரட்டாசிப் பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் சமையலறைக்கு வந்தார்.

"அண்ணா, கிரிவலம் போறப்ப எல்லாரும் சாப்பாடு குடுக்கிறாங்க. நாலு வருஷமா நான் வாங்கிச் சாப்பிடுறேன். நான் ஒண்ணும் குடுக்கல."

"குடுக்கலாம்மா. பொங்கல் போட்டுடலாமா?"

"இல்ல. எங்க ஊர் சாப்பாடு. எங்க ஊர்லயும் இந்த மாசம் நிலாவுக்கு விசேஷம்."

அவர் கைபேசியைத் திறந்து படங்களைக் காட்டினார். பச்சரிசிக் கொழுக்கட்டை மாதிரி வெள்ளை உருண்டைகள், பதினைந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கோபுரமாக அடுக்கி ஜன்னலோரம் நிலாவுக்கு எதிரே வைத்திருந்தார்கள். டாங்கோ என்றார். ஆனால் எல்லா ஊரிலும் இப்படி இல்லையாம். ஒரு ஊரில் சேப்பங்கிழங்கு மாதிரி நீளவாக்கில் பிடித்து, நடுவில் பயறு விழுதைத் துண்டு கட்டின மாதிரி சுற்றுவார்கள். இன்னொரு ஊரில் அதையே மூன்று நிறத்தில் செய்வார்கள். மூங்கில் இலையில் கட்டி வேக வைக்கும் ஊர் ஒன்று, குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டும் ஊர் ஒன்று. நாம் காஞ்சிபுரம் இட்லி, ராமசேரி இட்லி என்று சொல்வதில்லையா, அது போலத்தான்.

அவருடைய ஊர் கடலோரம். பெரிய மலை ஒன்று தெரியுமாம். அந்தப் பக்கத்தில் உருண்டையைத் தட்டையாக அழுத்தி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி வைப்பார்கள். குழியில் இனிப்புப் பயறு விழுது. அரிசி மாவில் செய்கிற இந்த மாதிரிப் பண்டத்தை மோச்சி என்பார்களாம், இதற்குப் பெயர் தொப்புள் மோச்சி.

"தொப்புளா?" என்று சிரித்துவிட்டேன்.

அவரும் சிரித்தார். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "குழந்தை தொப்புள்."

அவர் ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த மாவு நம் மாவு மாதிரி இல்லை. ஒட்டுகிற அரிசியின் மாவாம். கையில் எடுத்துத் தண்ணீர் விட்டதும் ரப்பர் மாதிரி இழுத்தது. அதோடு நான் பச்சரிசி மாவைச் சலித்துப் பாதிக்குப் பாதி கலந்தேன். விழுதுக்குச் சிவப்புக் காராமணியை வேகவைத்து வெல்லம் போட்டு மசித்தோம். பௌர்ணமி அன்று மதியம் அவர் என் பக்கத்தில் நின்று பத்து உருண்டை செய்து காட்டினார். உருட்டு, அழுத்து, குழி வை. பிறகு, "நான் மேல போயிக் குளிச்சிட்டு, ஜபம் முடிச்சிட்டு அஞ்சு மணிக்கு வரேன். ரெண்டு பேரும் சேர்ந்து குடுக்கலாம்" என்று சொல்லிப் போனார்.

தவறு செய்தது நான்தான். ஆனால் அலட்சியத்தால் செய்யவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளையாருக்குப் படைக்கும் கொழுக்கட்டையில் ஒரு கீறல் விழுந்தாலே தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். குழி விழுந்தது, நசுங்கினது எல்லாம் பின்னம். பின்னமானதைச் சாமிக்கும் வைக்கக் கூடாது, தானமும் கொடுக்கக் கூடாது. கிரிவலம் வருகிற ஜனங்களுக்குக் கொடுப்பது சாமிக்குப் படைப்பது போலத்தான். விதவிதமாகச் செய்வார்கள் என்று அவரே சொன்னாரே, உருண்டையாகவும் செய்வார்கள் என்று படத்தில் காட்டினாரே. அந்தப் பத்தையும் எடுத்து மறுபடி உருட்டினேன். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நூற்று ஐம்பது உருண்டைகள். ஒன்றில் ஒரு கோடு இல்லை. கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு. வெந்து மேலே மிதந்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டு எடுத்தபோது பளபளவென்று இருந்தன. எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றரை மணிக்கே ரோடு நிறைந்துவிட்டது. மாடியில் அந்தம்மாவின் கதவு சாத்தியிருந்தது. ஜனங்கள் பசியோடு போகிறார்களே என்று நானே குண்டானைத் தூக்கிக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்தேன். தொன்னைக்கு இரண்டு உருண்டை, மேலே ஒரு கரண்டி விழுது. தலையைக் குனிந்துகொண்டு கொடுக்க ஆரம்பித்தேன்.

"இன்னா சாமி இது, முட்டையா?"

"குலாப் ஜாமூன்டா. வெயில்ல வெளுத்துப் போச்சு."

"ணா, மெல்லவே முடியல, இன்னா ரப்பர் செருப்ப அறுத்துப் போட்டியா?"

இப்படிச் சொன்னவர்தான் இன்னொரு தொன்னைக்குக் கை நீட்டினார். தொன்னையை ரோட்டில் போடக் கூடாது என்று எல்லோரையும் அங்கேயே சாப்பிட வைத்து, பக்கத்தில் குப்பைக் கூடையும் வைத்திருந்தேன். எல்லோரும் என் கண்ணெதிரே கடித்து மென்று தின்றுவிட்டுப் போனார்கள்.

நாலு மணி வாக்கில் ஒரு குடும்பம் நின்றது. நாற்பது வயதில் ஒருவர், அவர் மனைவி, அவருடைய அப்பா. பெரியவருக்கு எண்பது இருக்கும். இடுப்பில் காவி வேட்டி, தோளில் பச்சைத் துண்டு, கையில் தடி. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது.

மகன் தனக்கும் மனைவிக்கும் வாங்கிக்கொண்டார். "நைனாவுக்கு ஒண்ணு பார்சலாக் குடுங்கண்ணா. காலையிலேர்ந்து விரதம். பச்சைத் தண்ணி பல்லுல படல."

"பல்லு இருந்தாத்தான படும்?" என்றார் மருமகள்.

"உன் வாய்க்கு என் பல்லு எவ்வளவோ தேவலாம்மா" என்றார் பெரியவர். பிறகு என்னிடம், "நிலாவைப் பார்த்துட்டுத்தான் வாயில வைப்பேன் தம்பி. சாமி பேரச் சொல்லிக் குடுக்கிற. மொத வாய் இதுதான்" என்றார்.

"எங்க நைனா பிரசாதத்த மெல்லவே மாட்டாருண்ணா. மென்னா எச்சில்னு அப்படியே முழுங்குவாரு. நாப்பது வருஷமா" என்று மகன் சிரித்தார்.

நானும் சிரித்தேன். இரண்டு உருண்டை வைத்த தொன்னையை இன்னொரு தொன்னையால் மூடி, நூல் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர்கள் போனார்கள். வெகுதூரத்துக்கு அந்தப் பச்சைத் துண்டு தெரிந்தது.

ஐந்து மணிக்கு அந்தம்மா வெள்ளைப் புடவையில் இறங்கி வந்தார். குண்டானைப் பார்த்ததும் முகம் மாறியது. ஒரு உருண்டையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கில் அது வழுக்கி மறுபடி குண்டானில் விழுந்தது.

"ஏன் உருண்டை?"

சொன்னேன். பின்னம் என்பதை விளக்கினேன். அவருக்குப் புரிந்தது. கோபப்படவில்லை. குண்டானில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, சின்னக் குழந்தை சாப்பிட்டாங்களா? வயசானவங்க?"

"எல்லாரும் இங்கேயே மென்னு சாப்ட்டாங்கம்மா. ஏம்மா?"

"எங்க ஊர்ல வருஷப் பிறப்புக்கு மோச்சி சாப்பிட்டு வயசானவங்க செத்துப் போவாங்க. ஒவ்வொரு வருஷமும். இங்க நிக்கும்." தன் தொண்டையைத் தொட்டார். "மூச்சு வராது. ஒட்டும். உருண்டையா இருந்தா இன்னும் கஷ்டம். வயசானவங்களுக்கு நாங்க வெட்டி, சின்னதா வெட்டி, முன்னாடி டீ குடுத்துட்டு... நான் சொல்லல. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அதனால நான் சொல்லல."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் கேட்டது ஒன்றுதான். மென்னா எச்சில்னு அப்படியே முழுங்குவாரு. காலையிலிருந்து தண்ணீர் படாத தொண்டை. அதில் முதல் வாய், நான் எண்ணெய் தடவி உருட்டின உருண்டை.

"ஒருத்தர் எடுத்துட்டுப் போயிருக்காரும்மா" என்றேன். "நிலா வந்ததும் சாப்பிடுவேன்னாரு."

அவர் வானத்தைப் பார்த்தார். இன்னும் வெயில் இருந்தது.

"போங்க அண்ணா. ஒருவேளை சாப்பிட்டிருந்தா, தண்ணி குடுக்காதீங்க. குனிய வச்சு முதுகுல அடிங்க. இங்க." தோள்பட்டைகளுக்கு நடுவே தொட்டுக் காட்டினார். "பலமா. போங்க!" சொல்லிக்கொண்டே மிச்சமிருந்த உருண்டைகளைச் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்ட ஆரம்பித்திருந்தார்.

பௌர்ணமி அன்று அந்த வழியில் வண்டி போகாது. ஓடினேன். ஐம்பது வயதில், பெருத்த உடம்போடு, இடுப்பில் சமையல் துண்டோடு ஓடுபவனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற நாளாக இருந்தால் அந்தப் பார்வைகளுக்கே நின்றிருப்பேன்.

செங்கம் ரோட்டை விட்டுக் கிரிவலப் பாதை திரும்பும் இடத்தில் ஒரு பெண், "செருப்போட வலம் வர்றான் பாரு" என்றார். கழற்றி ஓரமாக வீசினேன். ரோடு சுட்டது. கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து முன்னால் போனேன். எத்தனை பெரியவர்கள், எத்தனை காவி வேட்டிகள்! இத்தனை பச்சைத் துண்டுகள் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொருவரையும் தாண்டிப் போய் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்ததும் அவர் இல்லை. மறுபடி ஓட வேண்டும்.

கூப்பிடலாம். ஆனால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. "பெரியவரே!" என்று சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே கேட்கவில்லை.

ஓர் இடத்தில் தொண்டர்கள் பந்தல் போட்டு மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். காணாமல் போனவர்களைக் கூப்பிடுகிற மைக். அதில் சொன்னால் வழி முழுக்கக் கேட்கும். போய் முன்னால் நின்றேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோர்த்துக்கொண்டேன். பச்சைத் துண்டு போட்ட பெரியவர், தொன்னையில் இருப்பதைச் சாப்பிட வேண்டாம். இவ்வளவுதான். மைக் வைத்திருந்தவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த நாலு பேரும் பார்த்தார்கள்.

"இன்னா வேணும்? தண்ணியா?"

எனக்கு நாக்கு எழவில்லை. அவர் ஒரு தண்ணீர் பாக்கெட்டை என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. ஒரு உயிர் போகக்கூடும் என்று தெரிந்தும், நாலு பேர் பார்த்தார்கள் என்பதற்காக நான் பேசாமல் நகர்ந்தேன். என் மனைவிக்குத் தெரியாத பாதி இதுதான்.

அதன் பிறகு இன்னும் வேகமாக ஓடினேன். முன்னால் ஒரு பச்சைத் துண்டு, தடி, வளைந்த முதுகு. அவர்தான். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். திரும்பியவர் வேறு யாரோ. அவர் பயந்து தன் மடியைப் பொத்திக்கொண்டார்.

"யோவ், இன்னா, பெரியவர் மடியில கை வைக்கிற?" என்று ஒருவர் என் தோளைப் பிடித்தார். நாலைந்து பேர் சூழ்ந்துவிட்டார்கள்.

"இல்லைங்க..."

"இன்னா இல்லைங்க? வாயத் தொறந்து சொல்லு."

"திருட்டு முழி முழிக்கிறான் பாரு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டத்துக்கு மேலே, நான் வந்த திசையில், ஊர் வீடுகளுக்கு மேல் சிவப்பாக ஏதோ தெரிந்தது. நிலா. முழு நிலா, பாதிக்கு மேல் எழும்பியிருந்தது.

"ஒரு பெரியவர் செத்துடுவாருங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அந்தக் குரலைக் கேட்டோ, முகத்தைப் பார்த்தோ, பிடித்திருந்தவர் கையை விட்டார். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. வழி விட்டார்கள்.

நிலா வந்துவிட்டது. எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். இனி நான் போவது அவரைத் தடுப்பதற்கு இல்லை, ரோட்டோரம் கூட்டம் கூடி நிற்பதைப் பார்ப்பதற்குத்தான். நெஞ்சு இரண்டு பக்கமும் குத்தியது. தூரத்தில் எங்கே நாலு பேர் சேர்ந்து நின்றாலும் அங்கே ஓடினேன். கிட்டே போனால் சுண்டல் விற்பவராக இருப்பார். ஓர் ஆம்புலன்ஸ் ஓரமாக நின்றிருந்தது. அதன் உள்ளே எட்டிப் பார்க்கும் வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. உள்ளே ஓட்டுநர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடி அண்ணாமலை நெருங்கும்போது ஒன்றைக் கவனித்தேன். இருட்டாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன், நிலாவைக் காணோம். மேகம் மூடியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. மலை மறைக்கிறது. நான் மலைக்கு மேற்கே வந்துவிட்டேன். ஊரில் எல்லோருக்கும் வந்துவிட்ட நிலா, இங்கே இருப்பவர்களுக்கு இன்னும் வரவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு இது தெரியாது. பௌர்ணமி சாயங்காலங்களில் நான் எப்போதும் அடுப்படியில்தான் இருந்திருக்கிறேன்.

மலையின் விளிம்பு மட்டும் வெளுத்துக்கொண்டு வந்தது. அந்த வெளுப்பைப் பார்த்ததும் மறுபடி பயம் பிடித்தது. முன்பு இருந்தது நடந்து முடிந்துவிட்டது என்கிற பயம். இப்போது நடக்கப் போகிறது என்கிற பயம். இதுதான் பெரிசு.

அடி அண்ணாமலை ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கடை ஓரமாக அந்த மருமகள் கால் நீட்டி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பெரியவர் எங்க?"

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அய்ய, நீங்களா? தொன்னைய திருப்பிக் கேட்டு இவ்ளோ தூரம் வந்தீங்களா?"

"எங்கம்மா அவரு?"

"நிலா சீக்கிரம் தெரியணும்னு கோயில் கிட்டக்கப் போயிருக்காரு மாமா. இவரும் கூடப் போயிருக்காரு. ஏன், இன்னா ஆச்சு?"

பதில் சொல்ல நிற்கவில்லை. கோயிலுக்கு முன்னால் ஜனங்கள் எல்லோரும் மலையைப் பார்த்து நின்றார்கள். பெரியவர் ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் பிரித்து வைத்த தொன்னை. மகன் பக்கத்தில் நின்று பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தார். எனக்கும் அவர்களுக்கும் நடுவே முப்பது நாற்பது பேர். மலை விளிம்பில் நிலா ஒரு நகக்கீற்று போல வந்ததும் "அரோகரா!" என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விரலால் ஒரு உருண்டையை எடுத்து, அண்ணாந்து, வாயில் போட்டார்.

"மெல்லுங்க! முழுங்காதீங்க! மெல்லுங்க!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. அத்தனை பேரும் திரும்பினார்கள். பெரியவரும் திடுக்கிட்டுத் திரும்பினார். திரும்பின அந்த நொடியில் அவர் கழுத்து ஒரு தடவை வெட்டியது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது.

இருமல் இல்லை. சத்தமே இல்லை. வாய் திறந்திருந்தது, கண் பெரிதாகிக்கொண்டே போனது, கை தொண்டையைத் தடவியது. மகன் "நைனா, இந்தா தண்ணி, தண்ணி குடி" என்று பாட்டிலை நீட்டினார். நான் பாட்டிலைத் தட்டிவிட்டேன். பெரியவரை எழுப்பி என் இடது கையின் மேல் குனிய வைத்தேன். கோழி இறகு மாதிரி இருந்தது உடம்பு. தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் அடித்தேன். ஒன்று. எதுவும் வரவில்லை. இரண்டு. "யோவ், எங்க நைனாவ இன்னாடா பண்ற!" என்று மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது. மூன்று. நாலு. அடிக்கும்போதே அந்த எலும்பு உடைந்துவிடும் என்று பயம். அடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அதைவிடப் பயம். ஐந்தாவது அடியில் மண்ணில் ஏதோ விழுந்தது. பெரியவர் உள்ளே இழுத்த மூச்சு, ஓட்டைச் சைக்கிள் பம்பு போலச் சத்தம் போட்டது. பிறகு இருமினார். இருமிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு இனிமையான இருமலை நான் கேட்டதில்லை.

மண்ணில் கிடந்ததைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நான் செய்த மாதிரியே முழுசாக இருந்தது.

மகன் என் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாத்தடா போட்ட அதுல?"

"ஒண்ணும் போடலைங்க. ஒட்டுற அரிசி. தட்டி வைக்கச் சொன்னாங்க. நான்தான் உருட்டிட்டேன். தப்பு என்னுதுதான்." எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நிறுத்தாமல் சொன்னேன். அவ்வளவு பேசியது எனக்கு ஆயுளில் முதல் தடவை.

அதற்குள் மருமகள் நொண்டிக்கொண்டே ஓடி வந்து சேர்ந்தார். கேட்டுத் தெரிந்துகொண்டு கணவர் கையைப் பிடித்து இழுத்தார். "விடுங்க அவரை. செங்கம் ரோட்லேர்ந்து ஓடி வந்திருக்காரு. கால்ல ரத்தம் பாருங்க."

பெரியவருக்குக் குரல் திரும்பியது. கம்மலாகத்தான் இருந்தது. "இவன் கத்துனதாலதான்டா உள்ள போச்சு. பாம்போ இன்னாவோன்னு தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. இல்லன்னா பதமா எறங்கியிருக்கும்."

"அய்ய, கத்தலைன்னா மட்டும் மென்னு தின்னுருப்பீங்களா மாமா?"

"நாப்பது வருஷமா முழுங்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் ஆவல இல்ல?"

"இத முழுங்கியிருந்தா நாப்பத்தோரு வருஷம் ஆயிருக்காது."

அவர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நான் வராமலே இருந்திருந்தால் அது நல்லபடியாக இறங்கியிருக்குமோ? என் உருண்டை அடைத்ததா, என் குரல் அடைத்ததா? மைக் முன்னால் பேசியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மகனும் சொன்னார். பெரியவர் கேட்கவில்லை. வலத்தைப் பாதியில் விட மாட்டேன் என்று பிடிவாதம். பக்கத்துக் கடையில் பாலை ஆற்றிக் கொடுக்கச் சொன்னேன். அவர் குடிக்கும்போது ஒவ்வொரு மிடறுக்கும் தொண்டையைப் பார்த்தேன். இறங்கியது. இருந்தாலும் உள்ளே ஏதாவது துணுக்கு ஒட்டியிருந்தால்? படுக்கும்போது அது நகர்ந்தால்? அவர் ஊர் போளூருக்கு அந்தப் பக்கம் என்றார் மகன். அங்கே என்ன நடந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் நான் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "உங்க நம்பர் குடுங்க. காலையில பெரியவர் எழுந்ததும் ஒரு போன் பண்ணுங்க. மிஸ்டு கால் குடுத்தாக்கூடப் போதும்."

மகனின் கோபம் முழுசாகத் தணியவில்லை. ஆனால் நம்பரைச் சொன்னார். என்னுடையதையும் குறித்துக்கொண்டார்.

விடிந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். அந்தம்மா எனக்கு முன்பே வந்து தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இரவு நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நான் சொல்லல. என் தப்பு" என்றார். "இல்லம்மா, என் தப்பு" என்றேன். டீ போட்டேன், இருவரும் குடிக்கவில்லை. போன் எங்களுக்கு நடுவே ஆட்டுக்கல் மேல் கிடந்தது.

ஆறு மணி ஆயிற்று. ஆறரை. வயசானவர்கள் ஐந்துக்கே எழுந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஏழு. நானே கூப்பிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று வைத்துவிட்டேன். இட்லிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், மாடியில் ஆறு பேர் காத்திருப்பார்கள். எழுந்திருக்க முடியவில்லை.

ஏழே காலுக்குப் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"அலோ." கம்மின குரல். பின்னால் ஒரு இருமல். "எழுந்துட்டேன்பா. ராத்திரி நல்லாத் தூங்கிட்டேன், அதான் லேட்டு. அலோ? கேக்குதா?"

தலையை ஆட்டினேன். அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அலோ... அலோ... டேய், இந்த ஆளு பேசவே மாட்றான்டா" என்று பெரியவர் யாரிடமோ சொன்னது கேட்டது. பிறகு இணைப்புத் துண்டித்தது.